ஏஜென்சி வேண்டாம் என்றேன்

மோர் சாப்பிடுங்கள், வக்கீலம்மா. இந்த வெயிலில் புழல் ஜெயிலுக்குப் போய்விட்டு நேராகத் திருவொற்றியூர் வந்திருக்கிறீர்கள். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரமாவது நின்றிருப்பீர்கள். உங்களுக்குச் செங்கொடி என்று பெயர் வைத்தவர் துறைமுகத்தில் சங்கத்து ஆளாகத்தான் இருந்திருப்பார். அவர்கள் ஊர்வலம் போகும்போது என் கடை வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறேன். எனக்கு யாரோடும் பகை கிடையாது. கெங்கம்மாவோடும் இல்லை.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் வைத்தபோது ஏன் ஏஜென்சி மூலம் வைக்கவில்லை? இந்த ஏழு வாரத்தில் இன்ஸ்பெக்டர் இதைக் கேட்கவில்லை. என் மகன்கூடக் கேட்கவில்லை. சரியான இடத்தில் கை வைக்கிறவர்களிடம் நான் எதையும் ஒளிப்பதில்லை. கேளுங்கள்.

என் மனைவி ரோஸ்மேரி இறந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் நான், மகன் ஜெபசிங், மருமகள் ஷெர்லின், பேரன் ஜெபின். இந்தப் பருப்பு மண்டியை இப்போது மகன்தான் பார்க்கிறான்; நான் மதியத்துக்கு மேல் வந்து உட்காருவதோடு சரி. ஷெர்லினுக்கு ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை. நீட்டி வாங்கிய பேறுகால லீவும் முடிந்து திரும்பப் போக வேண்டிய நாள் வந்தது. ஜெபினுக்கு அப்போது பத்து மாதம். தவழ ஆரம்பித்துவிட்டான். கதவிடுக்கில் பல்லி நுழைகிற வேகம்.

ஷெர்லின் ஏஜென்சிதான் வேண்டும் என்றாள். அவளே போன் போட்டு ஒரு ஆளை வரவழைத்தாள். ஆறுமுகநயினார் என்று பெயர். தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம்தான். கைப்பையிலிருந்து கோப்பு கோப்பாக எடுத்து வைத்தார். போட்டோ, போலீஸ் சான்றிதழ், ரத்தப் பரிசோதனை, முன்னால் வேலை பார்த்த வீட்டு நம்பர்.

"பிடிக்கலேன்னா மூணு தடவ மாத்தித் தருவோம் அண்ணாச்சி."

"ஆளத்தான மாத்துவீரு? பிள்ளைய மாத்தித் தர மாட்டீரே?" என்றேன்.

அவர் சிரித்தார். ஷெர்லின் சிரிக்கவில்லை. மாற்றித் தருகிறேன் என்று முதலிலேயே சொல்கிறவன் சரக்கின் தரத்தைச் சொல்லிவிட்டான் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அதைவிட என்னை உறுத்தியது அவர் கடைசியாக நீட்டிய விதிமுறைத் தாள். பணிப்பெண்ணைக் குழந்தையைப் பார்ப்பது தவிர வேறு வேலைக்கு அனுப்பக் கூடாதாம். பின்பக்கமும் சேர்த்து நாலு இடத்தில் கேமரா வைக்க வேண்டுமாம். வாரம் ஒரு தடவை அவர்கள் ஆள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பாராம். நாற்பது வருஷம் மூட்டையைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொன்னவன் வீட்டில் இன்னொருத்தன் வந்து சோதனை போடுவதா?

"ஆள நான் பாக்கேன்" என்றேன்.

"மாமா, ஏஜென்சின்னா பொறுப்புன்னு ஒண்ணு இருக்கும்" என்றாள் ஷெர்லின்.

"எனக்கு இல்லியா பொறுப்பு?"

அவள் ஜெபசிங்கைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் பேரம் படிந்தது. ஒரு மாதம் என் ஆள். முப்பதாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது பேசி முடிவெடுப்பது. அவளுக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் ஏஜென்சி. நான் ஒப்புக்கொண்டேன். என் வார்த்தை என் வீட்டிலேயே விலை போகுமா போகாதா என்பதுதான் அந்த ஒரு மாதம். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

ஆளைக் கொண்டுவந்தது தீனா, எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கெங்கம்மா அவனுக்குக் கூடப்பிறந்த அக்கா. எர்ணாவூரில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வீடு. தன் பிள்ளைகள் இரண்டு, தங்கச்சி பிள்ளைகள் மூன்று, எல்லாம் அவள் இடுப்பில் வளர்ந்தவை. முதல் நாள் வந்ததும் ஜெபினைத் தூக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அவனாகத் தவழ்ந்து வந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

"இன்னாடா மாமு, என்னிய புடிச்சிருக்கா?" என்றாள்.

எனக்கு அப்போதே தெரியும், நல்ல ஆள் என்று. ஆனால் தெரிந்தால் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

மண்டியில் குத்தூசி என்று ஒன்று வைத்திருப்போம். அதோ, தராசுக்குப் பக்கத்தில் தொங்குகிறது பாருங்கள். கூர்மையான இரும்புக் குழாய். மூட்டையைப் பிரிக்காமல் குத்தினால் உள்ளே இருக்கும் பருப்பு கைக்கு வரும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவன் வாய்ப்பக்கம் குத்தி, நல்ல பருப்பைப் பார்த்து ஏமாறுவான். தெரிந்தவன் மூன்று இடத்தில் குத்துவான்: வாய், வயிறு, அடி. கலப்படம் அடியில்தான் இருக்கும். மண்டிக்குப் புது ஆள் வந்தாலும் இதே முறைதான். முந்திரி டின்னைத் திறந்து போட்டுவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். என் அப்பா அப்படித்தான் செய்தார். இதில் யாரும் கெட்டுப்போனதில்லை.

முதல் வாரம் என் மோதிரத்தைப் பால் பாட்டில் கழுவும் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். கெங்கம்மா அரை மணி நேரத்தில் கொண்டுவந்து நீட்டினாள்.

"நைனா, மோதரத்த கண்ட எடத்துல போட்டுகினு கீற. கொயந்த முழுங்கிட்டா இன்னா ஆவறது?"

பாருங்கள், தங்கம் அவள் கண்ணில் படவில்லை. பிள்ளையின் தொண்டைதான் பட்டது. வாய்ப்பக்கம் சுத்தம்.

இரண்டாம் வாரம் ஜெபின் விளையாடும் பாயில் ஒரு குண்டூசி போட்டேன். ஒன்றே ஒன்று. பிள்ளையைப் படுக்க வைக்கும் முன் கண்டுபிடித்துவிட்டாள். "கலீஜு புடிச்ச வூடு" என்று முனகியது சமையற்கட்டு வரை கேட்டது. அன்றிலிருந்து பிள்ளையை இறக்குவதற்கு முன் பாய் முழுவதும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சோதனை ஆளை மெருகேற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், ஷெர்லின் ஆற்றி வைத்துவிட்டுப் போன பாலைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கியதைப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். கெங்கம்மா மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சுட்டுவிட்டது, சிவந்துபோனதை நானே பார்த்தேன். அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைக் குழாயில் காட்டினாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

"நைனா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. இந்த வூட்ல எவனோ கொயந்தக்கி ஆவாதவன் கீறான்."

"பகல்ல இங்க யாரு இருக்கா? நீயும் நானும்தான்" என்றேன்.

"அதான் எனக்கும் ஒரே பேஜாரா கீது" என்றாள். அப்போதும் அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் பாத்ரூம் போகும்போதுகூட ஜெபினைத் தனியாக விட்டதில்லை. என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

இதைக் குறித்துக்கொண்டீர்களா? என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவாள். எனக்கு உறுத்தியது அதுதான். வீட்டில் ஒரு ஆள் சரியில்லை என்று தெரிந்த பிறகு, இருக்கிற ஒரே ஆளிடம் எப்படிக் கொடுக்கலாம்? மூட்டையின் அடியில் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

முப்பதாம் நாள் ஒரு புதன்கிழமை. காலையில் தண்ணீர் லாரி வந்து பின்பக்கத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போனது. தரையோடு தரையாக இருக்கும் தொட்டி, ஏழடி ஆழம், மேலே இரும்பு மூடி. லாரிக்காரர் மூடியைச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் போனார். அவர் மேல் பழி வேண்டாம். மூடியைப் பாதி நகர்த்தியவன் நான்.

பதினொன்றரைக்குத் தீனா சாப்பாட்டு கேரியர் எடுக்க வருவான். 'உன் அக்காவோடு நிம்மதியாகப் பேசி நாளாச்சே, பத்து நிமிஷம் நின்று பேசிட்டு வா, கடையில் நான் சொல்லிக்கிறேன்' என்று அவனிடம் காலையிலேயே போனில் சொல்லியிருந்தேன். அதை அவன் உங்களிடம் சொல்லித்தானே நீங்கள் இன்று என்னிடம் வந்திருக்கிறீர்கள். அவன் சொன்னது உண்மை.

நான் எதிர்பார்த்த சரியான விடை எளிது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். அப்படிப் போயிருந்தால் நான் மூடியை இழுத்துப் போட்டிருப்பேன். ராத்திரி ஷெர்லினிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன்.

பின்பக்கத்து நிழலில் பாய் விரித்து ஜெபினை விளையாட விட்டிருந்தாள்; அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் மூடி விலகியது தெரியாது. நான் சமையற்கட்டுக் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். வாசலில் தீனா குரல் கொடுத்தான்.

"கொயந்தய பாத்துக்கினு இரு நைனா. கேரியர குட்த்துட்டு தோ வந்துர்றேன்."

தலையை ஆட்டினேன். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

தொட்டிக்கும் எனக்கும் எட்டடி. பிறகு நானே அளந்து பார்த்தேன். ஜெபின் பாயை விட்டு இறங்கினான். மூடி நகர்ந்த இடத்தில் தண்ணீரில் வெயில் பட்டு மினுங்கியது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. விளிம்பில் நிற்பான் என்றுதான் நினைத்தேன். நின்றான். கையால் தண்ணீரைத் தட்டினான். தெறித்தது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். மேலே இரண்டு பல், கீழே இரண்டு.

"டேய்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். இரண்டு எட்டு வைத்திருந்தால்கூடப் போதும். ஆனால் நான் நடுவில் புகுந்துவிட்டால் அவளைச் சோதித்ததாக ஆகுமா? குத்தூசியைப் பாதியில் உருவினால் அடிப் பருப்பு வராது. அவள் எந்த நொடியும் வந்துவிடுவாள் என்று வாசல் பக்கம் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் விளிம்பில் இல்லை. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு குடத்தை முக்கினால் வருமே, அவ்வளவுதான்.

அப்போதும் நான் வாசலைத்தான் பார்த்தேன்.

அவள் தம்பியோடு பத்து நிமிஷம் பேசவில்லை. நாலு நிமிஷத்தில் வந்துவிட்டாள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே "கொயந்தய உட்டுட்டு வந்துகீறேன்டா" என்று வெட்டிவிட்டு ஓடிவந்தாளாம். இது அவளுக்குச் சாதகம், மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் புடவையோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துழாவினாள். அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நான் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

போலீஸ் வந்தபோது அவள் ஈரப் புடவையோடு நின்றாள். பிள்ளையை யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சம்பளத்துக்குப் பார்க்கிறவளைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அந்தப் பொம்பளதான்" என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? வீடு துடைக்கத் தண்ணீர் மொள்ள மூடியைத் திறந்திருப்பாள் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் இருபது பேர் ஸ்டேஷனுக்குப் போய், வேண்டுமென்றே செய்திருப்பாள் என்று சொல்லி வழக்கைக் கடுமையாக்கினார்கள். நான் அவர்களை அனுப்பவில்லை. தடுக்கவும் இல்லை.

"நைனாகிட்டதான் உட்டுட்டு போனேன்" என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜீப்பில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "சொல்லு நைனா... நீ சொல்லு நைனா" என்றாள். ஷெர்லின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரத்தில் முதலில் வாய் திறக்கிறவன் தோற்றுவிடுவான். நான் ஊறி வளர்ந்த பழக்கம் அது, சட்டென்று விட்டுப்போகாது.

மறுநாள் அடக்கம் முடிந்து வந்ததும் ஷெர்லின் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஏஜென்சின்னு சொன்னேனே மாமா." ஒரு மாதம் கழித்துத் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெபசிங் கடைக்கு வருகிறான். என்னோடு ஒரு மேசையில் சாப்பிடுவதில்லை. அவர்களுக்குத் தெரிந்தவரை நான் செய்த தப்பு, கெட்ட ஆளைப் பொறுக்கியதுதான். அந்தப் பெயர்தான் எனக்கு ராத்திரியில் தூக்கம் வராமல் செய்கிறது. கெங்கம்மா கெட்ட ஆள் இல்லை. நான் பொறுக்கிய ஆள் நல்ல ஆள். அது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவள் ஜாமீன் மனு வருகிறது என்கிறீர்கள். என் வாக்குமூலம் இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளே கிடப்பாள் என்கிறீர்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லையே. பேனாவைத் திறங்கள். மூடியை நகர்த்தியது ராசையா என்கிற நான், எழுதுங்கள். தீனாவை நிறுத்தி வைக்கச் சொன்னது ராசையா. எட்டடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது ராசையா. ஊசியும் பாலும்கூட எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எழுத்தும் குறைக்கச் சொல்லமாட்டேன்.

கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் நான் சொல்கிறபடி சேருங்கள். என்ன இருந்தாலும், பிள்ளையை என்னை நம்பி விட்டுவிட்டுப் போனது அவள் செய்த தப்பு. அந்த வரியைச் சேர்த்துக் கொண்டுவாருங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.