குளித்தும் வெளுக்காத கொக்கு

இருளாயி, இதை யாரிடமும் காட்டிவிடாதே. நாளை இரங்கல் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்கிறார் அப்பா. நான் வராவிட்டால், 'மாயக்கா எழுதியது' என்று சொல்லி எனக்குப் பதிலாக நீ எழுந்து வாசி.

மேடையில் அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் ஹரிராம் அவர்களே, மகளைப் பறிகொடுத்த பெற்றோரே, ராதாமணி அக்காவோடு சேற்றில் நடந்த தோழிகளே! வணக்கம்.

நம் பறவை மன்றத்தின் செயலாளர், கல்லூரி மாணவி ராதாமணி நம்மிடையே இல்லை. மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. அலகைப் பார்த்தாயா, பாதத்தைப் பார்த்தாயா என்று நம்மை இனி நச்சரிக்க யார் இருக்கிறார்கள்?

போன தை மாதம் தொண்டிக் கடற்கரைக்குப் போனோம். வெள்ளைக் கொக்குகளுக்கு நடுவே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. ஏர் பின்னால் திரியும் கொக்குகளைப் பார்த்தே வளர்ந்த நான், அது சேறு அப்பிய கொக்கு என்று அடித்துச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"குளிக்கட்டும் மாயக்கா, வெளுக்குதான்னு பாப்போம்" என்றார்.

காத்திருந்தோம். அது தண்ணீரில் நனைந்தது, சிறகை உதறியது. வெளுத்ததா? இல்லை! தொண்டை மட்டும் வெள்ளை, உடம்பெல்லாம் அதே சாம்பல். கரைக்கொக்கு! நம் கண்மாய்களில் நாம் பார்த்தே இராத கொக்கு!

ஆனால் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள்தான் வீடு திரும்பினேன். இனி எங்கும் அனுப்புவதில்லை என்றார் அப்பா. அக்கா தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து, தாமதம் தன்னால்தான் என்றார்.

"ஏத்தா, நம்ம வயல்ல இல்லாத கொக்கா? அதப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனீக?" என்று அப்பா கேட்டார்.

"அந்தக் கொக்கு நம்ம வயலுக்கு வராதுங்கய்யா. நாமதான் போகணும்."

அப்பா அக்காவுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். எனக்கு அனுமதி மட்டும் கொடுக்கவில்லை.

அக்கா போனதோடு பெண்பிள்ளைகளின் கடற்கரைப் பயணத்தையும் நிறுத்திவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். நிறுத்தலாமா? அவர் யாருக்காக எங்கள் வாசலில் வந்து நின்றார்?

வருகிற தையில் நான் தொண்டிக்குப் போவேன். அவர் சுமந்த தொலைநோக்கியை நான் சுமப்பேன். எனக்குப் பயம்தான். பயத்தோடே போவேன். தோழிகளே, என்னோடு வருகிறவர்கள்

இருளாயி, அப்பா கதவைத் தட்டுகிறார். இதை ஒளிக்கப் போவதில்லை. அவருக்கே முதலில் வாசித்துக் காட்