மாதாவுக்கு நேர்ந்த சீலை

— மணந்து பாருங்கோ மாமி. என்ன மணக்குது?

— கடதாசி எரிஞ்ச மணம்.

— பட்டெண்டால் தலைமயிர் கருகின மாதிரி நாறும். இது பட்டில்லை, ரேயோன்.

— முந்தானையில ஒரு நூல்தானே எரிச்சனீ, சுகந்தி. மற்றப் பக்கத்திலயும் ஒண்டை இழுத்துப் பார்.

— அதுவும் பாத்திட்டன்.

— என்ர மாதாவே. பின்னேரம் திருநாள். என்ர மகன் றஜீபனைக் கடல் திருப்பித் தந்தால் பட்டுச்சீலை சாத்திறன் எண்டெல்லோ நேர்ந்தனான்.

— வாங்கிக்கொண்டு வந்த அவருக்கும் தெரியாது மாமி. யாழ்ப்பாணத்துக் கடையில பட்டெண்டு சொல்லித்தான் குடுத்திருக்கிறாங்கள்.

— விடிய அவன் திரும்பவும் கடல் தொழிலுக்குப் போறான். நேர்த்தி பிழைச்சால் கடல் சும்மா விடுமே? எனக்கு நெஞ்சு பதறுது பிள்ளை.

— எனக்குப் பதறாதே? என்ர புருசனெல்லோ. கார்மென்ஸ் தையல் பக்டரியில வேலை செய்தனீதானே, பட்டோ எண்டு பாரெண்டு நீங்கள் கேட்டபடியாத்தான் எரிச்சனான். பேசாமல் மடிச்சு வைச்சிருக்கலாம்.

— உன்னில பிழையில்லை. மாதாவை ஏய்க்க ஏலுமே? இது என்ன, எங்கட வலை மாதிரி நைலோனே?

— இல்லை. நைலோன் உருகி உருண்டையாப் போகும். இது மரம்.

— விசர்க்கதை கதையாதை.

— உண்மையா மாமி. மரத்தைக் கூழாக்கி, கோஸ்ரிக் சோடாவில ஊறவிட்டு, கந்தகம் கலந்த மருந்து சேர்த்துக் கரைப்பாங்கள். தேன் மாதிரித் தடிச்சு வரும். பிறகு இடியப்ப உரலில பிழியிற மாதிரி, ஆனால் மயிரிழை மாதிரிச் சின்ன ஓட்டையளால அசிட்டுக்குள்ள பிழிஞ்சால் நூல்.

— அப்ப மரம் அழிஞ்சு போச்சு.

— அதுதான் இல்லை. மரத்தில கிடந்த செலுலோஸ் எண்ட நார்ப்பொருள்தான் இந்த நூலும். பருத்தியிலயும் அதுதான். கரைஞ்சு போச்சு, இனி இல்லையெண்டு நினைப்பியள். அசிட்டில பட்டவுடன பழையபடி அதுவாகவே வந்திடும்.

— கரைஞ்சது திரும்பி வருமெண்டுறாய்.

— ஓம் மாமி. ஆனால் பட்டில்லையே. இப்பவே யாழ்ப்பாணத்துக்குப் பஸ் எடுத்தாலும் திருநாளுக்குள்ள வேற சீலையோட வந்து சேர ஏலாது.

— போட் கவிண்டு, காணாமல் கிடந்த நாளெல்லாம் இவன் எதைப் பிடிச்சுக்கொண்டு மிதந்தவன்?

— உங்களுக்குத் தெரியாததே? போட்டில கிடந்த மரப்பலகையை. நெடுந்தீவுக் கரையில தூக்கேக்கயும் அதை விடமாட்டன் எண்டு நிண்டவராம்.

— பட்டே அவனைக் கரை சேர்த்தது? மாதா எங்களுக்கு அனுப்பினது மரம். அதைத்தானே திருப்பிக் குடுக்கிறம். மடி பிள்ளை சீலையை, கோயிலுக்கு நேரமாகுது.