யோர்தான்கா இழுத்துப் பிடித்த எலாஸ்டிக்

இந்த மாபெரும் கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் கடமையைத் தலைமேல் சுமந்து வீற்றிருக்கும் எங்கள் தலைவி கப்கா அம்மையார் அவர்களே! எனக்கு இடமும் வலமும் அமர்ந்து, இந்த மனிதன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சான்றோர்களே! சோபியாவிலிருந்தும் வர்ணாவிலிருந்தும், பெட்டியை மேலே போட்டுப் பொம்மையை மடியில் வைத்து ரயிலேறி வந்திருக்கும் ரசிகப் பெருமக்களே! பிள்ளைக்குத் தலைவார மறந்தாலும் பொம்மைக்குப் பின்னல் போட மறவாத தாய்மார்களே! மனைவி இழுத்து வந்த ஒரே காரணத்தால் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களே! உங்கள் அனைவருக்கும், ரூசே துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் பழுதுபார்த்த ட்ரிஃபோனின் பணிவான வணக்கம்.

கை தட்டாதீர்கள், கை தட்டாதீர்கள்! மேசையில் பொம்மைகள் நிற்கின்றன. ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும். அப்புறம் என்னைத்தான் திட்டுவீர்கள்.

அன்பர்களே, இன்று உங்கள் முன் ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்களின் பையை வாசலிலேயே திறக்க வேண்டுமாம். பொம்மையின் உச்சந்தலையில் இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டுமாம். உள்ளே செய்தவரின் முத்திரை இருந்தால் ஆள் உள்ளே. இல்லையென்றால் அது போலிப் பொம்மை, பொம்மையும் வெளியே, கொண்டுவந்தவரும் வெளியே. இதற்குப் பெயர் யோர்தான்கா விதி. சென்ற குளிர்காலத்தில் நம்மை விட்டு மறைந்த யோர்தான்கா அக்காவின் நினைவாக இளைஞர்கள் வைத்த பெயர். நல்ல மனதோடுதான் வைத்திருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அக்கா கறாரானவர்தான். போலி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் மூக்கு சிவக்கும். ஆனால், அருமை இளைஞர்களே, அவர் கறாரைக் கேள்விப்பட்டீர்களே, அவர் காரியத்தைக் கேள்விப்பட்டீர்களா?

இதே வாசகசாலையின் மாடியறையில், விறகடுப்பைச் சுற்றி, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலராக நாங்கள் கூடிய காலம் அது. அடடா, என்ன காலம்! எங்களுக்கு யார் இருந்தார்கள் சொல்லித் தர? உருண்டை மூட்டுகளையும் உள்ளே ஓடும் எலாஸ்டிக்கையும் நம்பி நிற்கிற இந்த ரெசின் பொம்மைகளைப் பற்றி நம் மொழியில் ஒரு வரி இருந்ததா? ஒருவர் கெடுத்துக் கற்றதை ஒன்பது பேர் கெடுக்காமல் கற்றோம். அதோ, அதோ, தலைவி அவர்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்! சொல்லிவிடட்டுமா கப்கா? சொல்லிவிடுகிறேன்.

நம் கப்கா அப்போது சலூன் வைத்திருந்தார். தன் பொம்மைக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்து முகம் எழுதினார். புருவம் புருவமாய், இமை இமையாய். எழுதி முடித்தவர், டான்யூப் ஆற்று மூடுபனி ஊரையே மூடியிருந்த ஒரு நவம்பர் காலையில், பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தார். ஈரக்காற்றில் அடித்தால் என்ன ஆகும்? முகம் முழுக்க மாவு பூசினாற்போல் வெளுத்துவிட்டது! ஓவென்று அழுதுகொண்டே யோர்தான்காவுக்குப் போன் போட்டார். அக்கா மருந்துக் கடைக்காரர் அல்லவா? கடையில் கூட்டம் நிற்க நிற்கத் திட்டினார்.

"ஏன்டி, ஜன்னலுக்கு வெளிய பாலம் தெரியுதா?"

"தெரியலக்கா, ஒரே பனி."

"பாலம் தெரியாத நாள்ல ஸ்ப்ரேயைத் தொடுவியா? இனிமே தொடுவியாடி?"

திட்டி முடித்து, கடையைச் சாத்திவிட்டு, நேரே சலூனுக்குப் போய், அந்த முகத்தைத் துடைத்து மறுபடி எழுத இரவு வரை கூட உட்கார்ந்தார். இன்றும் ரூசேயில் பொம்மை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் பாலத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்ப்ரேயைத் தொடுகிறோம். உண்டா இல்லையா? உண்டு!

இனி சொல்லப்போவது வேறு கதை. அதைச் சொல்ல ஒருவரிடம் அனுமதி வேண்டும். இரண்டாம் வரிசையில் இருக்கும் சோன்கா அவர்களே, சொல்லட்டுமா? தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டார். நம் ஊரில் அப்படி ஆட்டினால் ஆமாம்தானே, சம்மதம் கிடைத்தது!

ஒரு மார்ச் மாதத்து முதல் நாள். எல்லார் மணிக்கட்டிலும் வசந்தத்தை வரவேற்கக் கட்டும் சிவப்பு வெள்ளை நூல். பொம்மைக்கும் ஒரு நூல் கட்டலாமா என்று நான் ஆசையாய்க் கேட்டேன். "கட்டிப் பாரு. சிவப்புச் சாயம் ரெசின்ல ஏறிச்சுன்னா உன் கையை ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன்" என்றார் யோர்தான்கா. அந்த நேரத்தில் கதவு திறந்தது. பனிட்சா பலகாரம் சுடும் அகலமான தட்டு ஒன்றைத் துணி போர்த்தி ஏந்தியபடி ஒரு பெண் நின்றார். என் வாய் சும்மா இருக்குமா?

"ஆஹா, பனிட்சா வந்தாச்சு! வாம்மா, வா! சூடா இருக்கா?"

துணியை விலக்கினால், தட்டில் இரண்டு கால், இரண்டு கை, ஒரு உடம்பு, ஒரு தலை! சிரித்தோம் ஐயா, வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"எலாஸ்டிக் அறுந்துபோச்சுண்ணே. எப்படிச் சேர்க்கிறதுன்னு தெரியல. இங்க தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க."

அதுதான் சோன்கா. விதின் நகரத்தில் வேலை செய்த தையல் ஆலை மூடி, லாரி ஓட்டும் கணவரோடு இங்கே வந்தவர். கணவர் பாதி மாதம் ஜெர்மனி நெடுஞ்சாலையில். இவர் அந்தக் குளிர்காலம் முழுக்க, கடையில் சில்லறை வாங்கும்போது பேசியதைத் தவிர யாரோடும் பேசியதில்லை. இங்கேயும் யாரும் முகம் கொடுக்காவிட்டால் ஊரைப் பார்க்கப் போய்விடுவது என்று வீட்டில் துணிமணி கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார். பிற்பாடு அவரே சொன்னது இது. அன்று எங்களில் யாருக்குத் தெரியும்?

யோர்தான்கா தட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் கையைக் கழுவிட்டு வாங்க" என்றார்.

பொம்மைக்கு எலாஸ்டிக் கோப்பது ஒரு ஆள் வேலையா? அல்ல, அல்ல! நான் உடம்பைப் பிடித்தேன். யோர்தான்கா கால்களுக்குள் எலாஸ்டிக்கை ஓட்டி, வளைந்த கம்பியால் கழுத்து வழியே வெளியே இழுத்தார். கப்கா தலைக்குள் கொக்கியை மாட்ட வேண்டும். அந்த எலாஸ்டிக் இருக்கிறதே, அதை முழுப் பலத்தோடு இழுத்துப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. விட்டால் விரலைப் பதம் பார்க்கும். உடம்புக்குள் ஓடி ஒளியும். மாட்டிய கால்கள் மறுபடி தட்டில் விழும். அந்த நேரம் பார்த்து, தலை மூடியைக் கழற்றிய கப்கா அலறினார்.

"ஐயய்யோ அக்கா! உள்ள முத்திரையே இல்ல! இது போலி!"

சோன்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன முத்திரை? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யோர்தான்காவுக்கு ஒரு சிநேகிதி, ஜோர்னிட்சா, ரஸ்கிராட் நகரத்துச் சிற்பி. ஒரே ஒரு முகத்தை ஒரு வருடம் செதுக்கினார். யாரோ ஒரு புண்ணியவான் அதை அச்செடுத்து, மட்டமான ரெசினில் வார்த்து, இணையத்தில் பாதி விலைக்கு விற்றான். ஜோர்னிட்சா உளியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். யோர்தான்காவின் கோபம் கொள்கையில் பிறந்த கோபமா? அல்ல. கூடப் பிறந்தவளைப் போன்ற ஒருத்தியின் கண்ணீரில் பிறந்த கோபம்.

அந்தக் கோபக்காரியின் கையில்தான் எலாஸ்டிக் இருந்தது. விரல்நுனி வெளுத்துவிட்டது. நான் நினைத்தேன்: விடப்போகிறார். தட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டு என்று சொல்லப்போகிறார். விட்டாரா?

"கொக்கியை மாட்டுடி கப்கா. திட்டுறதெல்லாம் அப்புறம். கை போகுது எனக்கு!"

மாட்டினார் கப்கா. பொம்மை எழுந்து நின்றது! சோன்கா கையெடுத்துக் கும்பிடாத குறை. யோர்தான்கா விரல்களை உதறிக்கொண்டே பேசினார்.

"உன் பேரென்னம்மா?"

"சோன்கா."

"சோன்கா, இது திருட்டு முகம். இதைச் செதுக்கினவ என் சிநேகிதி. இதை இந்த மேசையில உக்கார வெக்க மாட்டேன். யாரு சொன்னாலும் வெக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சவ தட்டுல வெச்சுத் தொறந்து காட்டுவாளா? பொம்மைக்குத்தான் இடமில்ல. உனக்கு நாற்காலி இருக்கு, உக்காரு."

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? நான் ஒருமுறை தொட விரல் நீட்டியதற்கே என் கையில் பட்டென்று அடித்தவர், அந்தச் சொந்தப் பொம்மையை எடுத்து சோன்காவின் கையில் கொடுத்தார். "முகத்துல கை படக் கூடாது, எண்ணெய் ஏறும். இடுப்பைப் பிடி. அடுத்த கூட்டம் வரைக்கும் உன் வீட்டுல இருக்கட்டும். அவிழ்த்துக் கோத்துப் பழகு. அறுந்தா அழாத, கொண்டு வா."

கப்காவுக்குப் பொறுக்கவில்லை. படியிறங்கும்போது ரகசியமாகக் கேட்டார். "அக்கா, அது ஜோர்னிட்சாவோட முகம். எலாஸ்டிக்கை இழுக்கும்போது உங்களுக்குத் தெரியலையா?"

"துணியை எடுத்தப்பவே தெரியும்டி."

கேட்டீர்களா இளைஞர்களே? துணியை விலக்கிய கணத்திலேயே தெரியும்! உலகத்தில் தான் மிகவும் வெறுத்த ஒரு பொருளை அடையாளம் கண்ட பிறகுதான், கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார்! கை வலிக்க வலிக்க இழுத்துப் பிடித்தார்! அதன் பிறகு சோன்கா ஊருக்குப் போகவில்லை. இந்த மண்டபத்துப் பொம்மைகளில் பாதி உடுத்தியிருப்பது அவர் தைத்த துணி. அடுத்த கோடையில் அக்கா அவரை ஜோர்னிட்சாவிடம் அழைத்துப் போனார். அங்கே என்ன பேசினார்கள்? எனக்குத் தெரியாது, இருவருமே சொன்னதில்லை. ஜோர்னிட்சா மறுபடி உளியை எடுத்தாரா? இல்லை. அந்த நஷ்டம் நஷ்டம்தான், நான் மழுப்ப மாட்டேன். போலியை விற்கிறவனைப் பிடியுங்கள். போலியை மேசையில் ஏற்றாதீர்கள். நானே உங்களோடு நிற்கிறேன். ஆனால் விவரம் தெரியாமல் வந்தவரை வாசலிலேயே விரட்டினால், அவருக்கு விவரம் எப்போது தெரியும்? யார் சொல்லித் தருவார்? ஏமாற்றி விற்றவனா வந்து சொல்லித் தருவான்?

என்ன தம்பி? "விதி இன்னும் வரலையே"யா? வரவில்லையா? கப்கா, மணியை அடிக்காதே, இதைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். இன்று காலை வாசலில் உங்கள் தம்பிமார்கள் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். சற்றுமுன் நான் உள்ளே வரும்போது படிக்கட்டில் ஒரு பெண் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிலிஸ்ட்ராவிலிருந்து வந்தவர். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் அம்மா என்றேன்.

"உள்ள விடலைங்க. போலியாம். நான் காட்டிக்க வரலைங்க. இதுக்கு ஒரு கண்ணு மேலயும் ஒரு கண்ணு கீழயும் பாக்குது. எப்படி நேராக்குறதுன்னு யாராவது சொல்லித் தருவாங்களான்னு கேக்க வந்தேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன்."

அன்பர்களே! யோர்தான்கா அக்கா உயிரோடு இருந்து, அந்தப் பெண்ணை அக்காவின் பெயரைச் சொல்லி வெளியே உட்கார வைத்திருந்தீர்கள் என்றால், உங்கள் ஒருவர் காதும் இன்று ஒழுங்காக இருந்திருக்காது! ஓட்டெடுப்பு நடக்கட்டும், தாராளமாக நடக்கட்டும். அந்தப் பெண் இந்த மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, அவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்குங்கள். தூக்க முடிந்தவர்கள் தூக்குங்கள்!

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும், தூங்காமல் தாங்கிய கணவன்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம். மணி மூன்றரை ஆகிறது. சோன்கா, நீயும் எழுந்து வாம்மா. கொஞ்சம் வழி விடுங்கள் ஐயா, அந்தச் சிலிஸ்ட்ராப் பெண் பஸ் ஏறுவதற்குள் நாங்கள் படிக்கட்டுக்குப் போக வேண்டும்.