பில்லன்னா இன்னா அர்த்தம்?

— ஆடாத நைனா. மீசை கோணலா போவுது பாரு. கமலக்கண்ணன் மாமா எத்தினி வாட்டி அழிச்சி அழிச்சி வரைவாரு?

— நான் எங்க ஆடறேன் காஞ்சனா? நீ வந்து நின்னதுலேர்ந்து அதே பேச்சு. மகுடவர்மன் வேஷம் கட்டிக்கினு கீறவன் கிட்ட ஊட்டு சண்டைய எடுத்தாருவாங்களா? வேஷம்னா தவம், தெரிஞ்சுக்கோ.

— தவமா! அய்ய! திருப்பதி ஆஸ்பத்திரில கைய விரிச்சி அம்மாவ ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. கண்ண தொறந்தா ‘குணா’, மூடினா ‘குணா’. ஸ்ரீ சிட்டி கம்பெனிலேர்ந்து லீவு போட்டு ஓடியாந்தான் குணா அண்ணன். நேத்துலேர்ந்து நம்ம ஊட்டு கேட்டுக்கு வெளியவே நின்னான், பிச்சக்காரனாட்டம். உனுக்கு தவம்!

— நிக்கட்டும். கேட்டு சாவி உன்கிட்ட தான கீது?

— வேஷத்துல ஏது ஜோபின்னு காலைல என் கையில தான குடுத்தே.

— அப்பிடியே வச்சிக்க. இப்ப எப்டி கீறா உங்கம்மா?

— அமைதியா கீறா. கூப்புடறதையும் நிறுத்திட்டா.

— அப்ப தேவலாம்.

— அண்ணா, ஒதட்ட மூடு. சாயம் வாயில போவுதில்ல! ராஜா பல்லு செவப்பா இருந்தா ஜனம் சிரிக்கும்.

— மாமா, நீதான இந்த கூத்துல குறிக்காரி? உன் வசனத்த ஒரு தபா சொல்லேன்.

— இப்பவா? சரி பாப்பா. ‘ராஜா, நீ பில்ல கோட்ட தலுப்பு தீஸ்துந்தி!’ குறிக்காரி பேசறது தெலுங்கு. ராஜாவுக்கு தெரிஞ்சது தமிழு. ‘உன் பிள்ளை கோட்டைக் கதவைத் திறப்பான்’னு அர்த்தம் பண்ணிக்கினு மகன காட்டுக்கு தொரத்திடுவாரு.

— கடைசில கதவ தொறக்கறது யாரு?

— பொண்ணு தான். தெலுங்குல பில்லன்னா பொண்ணு தான? மொதல்லேர்ந்தே கோடி காட்டிக்கினே வருவாங்க. மொத சீன்லயே இளவரசி சாவிக்கொத்த வச்சிக்கினு வெளாடுவா. நடுவுல, கதவு கத்துது, எண்ண போடுங்கன்னு காவக்காரன் கிட்ட சொல்லுவா. ‘யோவ் ராஜா, பின்னாடி பாருய்யா’ன்னு ஜனம் கத்தும். ராஜா மட்டும் பாக்க மாட்டாரு.

— கேட்டுக்கினியா நைனா? நெஜ குறிக்காரி உனுக்கு இன்னா சொன்னா? ‘நீ பில்லதோ நீக்கு கண்டம்’, உன் பில்லையால உனுக்கு ஆபத்துன்னு. அம்மா எனக்கு அப்பிடியே சொல்லிக் கீறா. பில்லன்னா இன்னா அர்த்தம்?

— கமலக்கண்ணா, மீசைய முடி.

— புத்தூரு சந்தையில தெலுங்குல பேரம் பேசற. மண்டல ஆபீஸ்ல தெலுங்குல சண்ட போடற. குறிக்காரி சொன்னா மட்டும் பாஷ தெரியாத மகுடவர்மன் ஆயிடுவியா? தொட்டில்ல கெடந்த என்ன உட்டுட்டு, ஸ்கூலுக்கு போய்க்கினு இருந்த புள்ளைய சத்தியவேடு மாமன் ஊட்ல கொண்டு போயி தள்ளினியே! தப்பா கேட்டுட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு. போயி அண்ணன் கிட்ட சொல்றேன். மன்னிச்சிடுவான்.

— தப்பா கேக்கல.

— இன்னா?

— அவ சொன்னப்பவே தெரியும் கண்ணு. உன்னத்தான் சொன்னா. தொட்டில்ல எட்டி பாத்தேன், சிரிச்சே. உன்ன எப்டிம்மா அனுப்புவேன்? பில்லன்னா புள்ளன்னும் வச்சிக்கலாம்னு தோணுச்சி. வச்சிக்கினேன். கண்டக்காரன்ற பேர அவன் மேல ஏத்தி அனுப்பிட்டேன். அவன் உள்ள காலு வச்சா அது திரும்பி உன் மேல எறங்கிடும். அதான் பூட்டு.

— அண்ணா! இன்னாண்ணா நீ... இந்தா, மீசைய நீயே வரைஞ்சிக்க. என் கை வராது.

— த்தூ! இதுக்கு பேரு பாசமா? இத்தினி வருசம் நான் துன்ன சோறு அவன் தட்டுலேர்ந்து எடுத்து போட்டதா? நீ தூக்கி வச்சி கொஞ்சின எடமெல்லாம் தேச்சி கழுவணும் போல கீது.

— சத்தம் போடாத, வெளிய ஜனம் கீது. உனுக்கு ஒரு புள்ள பொறந்தா புரியும். இப்ப ஊட்டுக்கு போ, அவ கிட்ட ஒக்காரு. ஆட்டம் முடிஞ்சி வரேன். சாவி பத்திரம்.

— சாவி பூட்டுலயே கீது நைனா. மத்தியானமே தொறந்து உட்டுட்டேன். அண்ணன் மடியில படுத்துக்கினு தான் அம்மா உசுர உட்டா. மூஞ்ச கழுவிக்கினு வரதா இருந்தா வா, கொள்ளி வைக்கறது அவன்தான்.