வத்தல்மலை வளைவில் ஒரு கட்டைவிரல்

வத்தல்மலை ஏறும் பஸ்ஸில் முன்சீட்டு அண்ணன் தன் கட்டைவிரலையே பார்த்தபடி, மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம்.

“டிக்கெட் வேணாங்கறீங்கன்னு கண்டக்டர் திரும்பிப் போயிட்டாருங்க” என்றேன், பின்சீட்டிலிருந்து.

“டாக்டர் சொன்ன பயிற்சி புள்ள. பின்மண்டைக்குள்ள, மூளைத்தண்டுல, ரெண்டு பக்கமும் நரம்பு செல்லு கூட்டம் இருக்குது. காதுலேர்ந்து அதுக்கு வயரு வருது. அங்கேர்ந்து கண்ணுக்கு, கழுத்துக்கு, காலுக்குன்னு போவுது. எனக்கு எடது காது வயரு அவுட்டு. அதான் ஊரே சுத்துச்சு.”

“தலைய ஆட்டுனா வயரு ஒட்டிக்குமா?”

“ஒட்டாது. இருக்கறத வெச்சு ஓட்ட அந்த செல்லுங்க பழகிக்கும். இன்னைக்கு இந்த வளைவுல சுத்தலன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு, தொப்பூர் கணவாய்ல மறுபடி லாரி ஓட்டுவேன்.”

“சுத்துனா?”

“வூட்டோட ஆடு மேய்ப்பேன்.”

வளைவுகள் தொடங்கின. அண்ணன் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

கடைசி வளைவும் போனது. “பாத்தியா புள்ள? சுத்தவே இல்ல!”

பக்கத்திலிருந்த அவர் சம்சாரம், அந்த அக்கா, கண்ணை இறுக மூடி, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அண்ணன் அவர் முகத்துக்கு நேரே கட்டைவிரலை நீட்டினார்.

“கண்ணத் தொற. இதப் பாத்துட்டே தலைய ஆட்டு.”

“நீங்க லாரியே ஓட்டுங்க சாமி. நான் நடந்து எறங்கிக்கறேன்.”