ஹெல்மெட் வைத்த இருக்கை

"அவனை வெட்டுனது சரிதான்" என்று எனக்கு முன்னால் ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் ஷிப்டுக்கு மைன்ஸ் போகும் பஸ். அவர் பக்கத்து இருக்கையில் தன் ஹெல்மெட்டை வைத்து இடம் பிடித்திருந்தார். எதிர்வரிசையில் இருந்த அவர் நண்பர் போனில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஐரோப்பாவில் அந்தக் காலத்து ராஜா ஒருவர் இன்னொரு ஆண்மேல் உயிராக இருந்தாராம். பிரபுக்கள் அந்த ஆளின் தலையை வெட்டிவிட்டார்களாம்.

"பாவம்னுதான வெட்டுனாங்க?"

"வாயில சொன்னது பாவம். ராஜா பக்கத்துல அவன் ஒக்காந்துட்டான்னுதான் வயித்தெரிச்சல்."

ஜன்னலோரத்தவர் வெளியே பார்க்கத் திரும்பினார். நண்பர் விடவில்லை.

"செந்திலும் அந்தப் புது ஆளும் ஒரே குவார்ட்டர்ஸ்ல இருக்கிறத நீ எதுக்கு ஆபீஸ்ல போட்டுக்குடுத்த?"

"குடும்பங்க இருக்கிற பிளாக்கு. அசிங்கமா இல்ல?"

"இத்தினி நாளு செந்தில் ஒன் பக்கத்துலதான ஒக்காந்துகினு வந்தான்? அப்ப அசிங்கமா இல்லியா?"

அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். "செந்திலு!" என்று கூப்பிட்டு, ஜன்னலோரத்தவர் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் அவரைக் கடந்து, கடைசி வரிசையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஹெல்மெட் திரும்ப இருக்கைக்குப் போனது.

பஸ் கிளம்பியபின், நின்றுகொண்டிருந்த ஒருவர் ஹெல்மெட்டைக் காட்டிக் கேட்டார். "இங்க ஆள் வருதா?"

"வருதுங்க."