கன்னியம்மாவுக்கு நேர்ந்த தோட்டம்

ஆதியம்மாள்: ...அந்த மூலையில மட்டும் கைய வெக்காத. அங்க ரோஜா கீது.

பூவராகவன்: எங்க கீது? குச்சி கீது.

ஆதியம்மாள்: ஆனிக் காத்துல எல கொட்டிச்சி. துளுக்கும்.

பூவராகவன்: வூட்டு வாசல்லேர்ந்து கல்லு வுட்டா கடல்ல வுழுது. இந்த உப்புக்காத்துல, இந்த மணல்ல, ரோஜா இன்னாத்த குடிச்சிட்டு துளுக்கும்?

ஆதியம்மாள்: நீ கொண்டாற தண்ணியத்தான்.

பூவராகவன்: அதுக்குத்தான் வர்றன். நல்ல தண்ணிக் கெணறு கலங்கர வெளக்காண்ட கீது. தூக்கித் தூக்கி உன் இடுப்பும் போச்சி, என் தோளும் போச்சி. பொண்டாட்டி புருசன் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நல்ல ஒடம்பு தேறாது.

ஆதியம்மாள்: இப்ப இன்னான்ற?

பூவராகவன்: வர்ற வருசத்துக்கு வேற மாதிரி வெச்சிக்கலாம். ஐப்பசிக்கு முன்னாடி நட்டுட்டா மழ பாத்துக்கும். நாம ஊத்த வோணாம்.

ஆதியம்மாள்: சொல்லு. கேக்கறதுக்கு இன்னா.

பூவராகவன்: காத்து வர்ற பக்கம் தாழ. வேலியுமாச்சி, மணலும் பறக்காது. அதுக்கு உள்ள நொச்சி. பின்பக்கம் ஒரு புன்னக் கன்னு...

ஆதியம்மாள்: புன்ன பூக்கறதுக்குள்ள நமக்குப் பல்லு கொட்டிடும்.

பூவராகவன்: பல்லு இல்லன்னா இன்னா, நெழல்ல குந்தலாம். அப்பறம் சருக கூட்டாத. கெடந்தா மண்ணுக்குத்தான் நல்லது. நித்தியகல்யாணி ரெண்டு வெச்சா தேன்சிட்டு வரும். தும்ப மொளச்சா புடுங்காத, பட்டாம்பூச்சி வரும்...

ஆதியம்மாள்: பாம்பு வரும்.

பூவராகவன்: நண்டும் வரும். கொழம்பு வெய்யி.

ஆதியம்மாள்: ம்... எல்லாம் சரி. கரையோரக் கோயில் கன்னியம்மாவுக்கு யாரு பதில் சொல்றது? போன வருசப் பொயல்ல எல்லாக் கட்டுமரமும் வந்துது, உன்னுது வரல. நீ சதுரங்கப்பட்டினம் தாண்டி ஒதுங்கிக் கீறன்னு எனக்கு இன்னா தெரியும்? எம் வாசல்ல பூத்த பூவ வெள்ளிக்கு வெள்ளி சாத்தறன், எம் புருசன குடுத்துடு தாயேன்னு நேந்துகினன். குடுத்தா. நீ கடலுக்குப் போற வரைக்கும் அது நிக்கக் கூடாது.

பூவராகவன்: ரோஜாவும் செவந்தியுமாத்தான் சாத்தறன்னு நேந்துகினியா?

ஆதியம்மாள்: பேரு சொல்லல. உசுரக் கேட்டுட்டு அதுக்குக் கொறச்சலாவா நடுவாங்க? ...இப்ப இன்னா, செவந்திதான் பூத்துகினு கீதே. வெள்ளிக்கெழம விடிஞ்சா ஒரு கூடப் பூ.

பூவராகவன்: ஆதி... அது பூக்கல.

ஆதியம்மாள்: இன்னா?

பூவராகவன்: ஆனி மாசமே எல்லாச் செடியும் செத்துப்போச்சி. நீ பயந்துடுவன்னு... திருக்கழுக்குன்றத்துல பூ வாங்கியாந்து ஒளிச்சி வெப்பன். கட்டுமரம் தள்ளறதுக்கு முன்னாடி, இருட்டுல, குச்சிக்குக் குச்சி கட்டி வுட்டுட்டுப் போவன். ஏசு. ஏசிடும்மே.

ஆதியம்மாள்: வல நூலுலதான கட்டின?

பூவராகவன்: ...ஆமா.

ஆதியம்மாள்: வல முடிச்சி போட்டுகினு பூக்கற செவந்திய எந்த ஊர்ல பாத்த நீ? அவுக்கவும் வரல. பல்லால கடிச்சன், மொத வெள்ளியே.

பூவராகவன்: தெரியுமா உனக்கு?

ஆதியம்மாள்: போன வாரம் ரோஜாக் குச்சியில செவந்திய கட்டிட்டுப் போயிக்கீற.

பூவராகவன்: இருட்டும்மே... சிரிக்காத. தெரிஞ்சிகினா இத்தினி நாளு என்ன தண்ணி தூக்க வுட்ட?

ஆதியம்மாள்: இன்னிக்கி சொல்லுவ, நாளைக்கி சொல்லுவன்னு பாத்தன். நானும் கூடத்தான் தூக்கினன். எனக்குத் தெரியும்னு நானா சொன்னா, நேந்துகினது வுட்டுப்போச்சேன்னு நீ நடுக்கடல்ல கலங்குவ. கலங்கினவன் கை துடுப்புல நிக்குமா?

பூவராகவன்: இப்ப மட்டும் கலங்கலயா... ஆதி, கடையில வாங்கின பூவயா கன்னியம்மா கழுத்துல போட்ட? நம்ம வாசல்ல பூக்காத பூவ? அத்தினி வெள்ளியும் நான் தண்ணி மேல இருந்துக்கீறன்.

ஆதியம்மாள்: கடப்பூவ அவளுக்குப் போடுவனா? அது பக்கத்து வூட்டு சொர்ணத்துப் பொண்ணுங்க தலையில கீது. நம்ம வாசல் மணல்ல அடம்புக்கொடி தானா படந்து கெடக்குது பாரு, ஆனியிலேர்ந்து அவளுக்கு அந்த ஊதாப் பூ மாலதான். அதுக்கு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினதில்ல... நீயும் முழுசா கரையேறி வந்துகினுதான்யா கீற.